வாசலும் அட்டவணையும்

இந்த வாரம் ஒரு கணினி மென்பொருளில் செய்யப்பட்ட சிறு திருத்தத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். போதகருக்கும் மென்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் திருத்தத்தை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அதன் விலையை நான் கொடுக்கவில்லை; ஒரு மாணவன் கொடுத்தான். இப்போது கல்லூரிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கும் அவன், "எழுதுங்க ஐயா, என் பேர் மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் நான் ஊழியம் செய்த ஆண்டுகளில் பள்ளி மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பும் எனக்கு இருந்தது. திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும், சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரத்திற்கு வடக்கே வரையுள்ள மீனவர் குப்பங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். விடுதியில் ஒரு கணினி அறை உண்டு. யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கணினிகள். மூலையில் ஒரு சேவையகக் கணினி. மறைமலைநகரில் வேலை பார்த்துவந்த நம் சபையின் வாலிபத் தம்பி ஒருவர் அவற்றை இலவசமாகச் சீரமைத்துத் தந்திருந்தார். காசு கொடுத்து மென்பொருள் வாங்க எங்களால் இயலாது. ஆகவே பள்ளிகளுக்கென்றே அமைந்த டெபியன் எடு என்ற லினக்ஸ் தொகுப்பை அவர் நிறுவினார். 2001-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஸ்கோலேலினக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி அது.

அந்தத் தொகுப்பின் நடுவே ஒரு பெயரேடு இருக்கிறது. கணினித் துறையினர் அதை டைரக்டரி என்கிறார்கள். தமிழில் அடைவு என்பார்கள். எந்தப் பிள்ளை எந்தக் கணினியில் அமர்ந்தாலும், அவனுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் அந்த ஏட்டில் பார்த்துத்தான் கணினி அவனை உள்ளே விடும். இந்த ஏட்டோடு பேசுவதற்கான நெறிமுறைக்கு எல்டாப் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது உருப்பெற்றது. அங்கே எழுதப்பட்ட நிரலை அடித்தளமாகக் கொண்டு 1998-இல் தொடங்கிய ஓப்பன் எல்டாப் திட்டத்தைத் திறமூல ஆர்வலர்கள் இன்றளவும் பேணிவருகிறார்கள்.

ஏட்டின் அமைப்பு ஒரு மரத்தைப் போன்றது. வேரில் நிறுவனம், கிளையில் பிரிவு, இலையில் மனிதர். ஒருவருடைய முழு முகவரியை அது இலையிலிருந்து வேரை நோக்கிச் சொல்லும். நாம் கடித உறையில் பெயர், தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று எழுதுகிறோம் அல்லவா, அதே வரிசை. இந்த மரத்தைக் கட்டளை வரிகள் அறியாதவரும் உலாவியின் வழியே நிர்வகிக்கும்படி ஜெர்மனியின் கோனிகஸ் நிறுவனம் கோசா என்ற மென்பொருளை உருவாக்கியது. மியூனிக் மாநகராட்சி தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய லிமக்ஸ் திட்டத்திலும் கோசா பயன்பட்டது. 2011-இல் அதிலிருந்து ஃபியூஷன் டைரக்டரி என்ற கிளையும் பிரிந்தது. மியூனிக்கில் பல்லாயிரம் ஊழியர்களுக்கு உதவிய மென்பொருளே எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கும் வாசல்காவலாக நின்றது.

இப்போது திருத்தத்திற்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டில் கோசாவிலும் ஃபியூஷன் டைரக்டரியிலும் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் மென்பொருள் அவற்றை ஏட்டிடம் அனுப்பும். சரியாக இருந்தால் ஏடு "சக்ஸஸ்" என்ற ஆங்கிலச் சொல்லைப் பதிலாகத் தரும். தவறாக இருந்தால், இன்னார் நுழைய முயன்றார், கடவுச்சொல் செல்லாது என்று சற்று நீண்ட பதிலைத் தரும். மென்பொருள் அந்தப் பதிலை முழுவதும் படிக்கவில்லை. "சக்ஸஸ்" என்ற சொல் அதில் எங்கேனும் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. எங்கேனும் இருந்தால் போதும், கதவைத் திறந்துவிட்டது.

இதன் விளைவை எண்ணிப்பாருங்கள். ஒருவருடைய பயனர்பெயரிலேயே அந்தச் சொல் இருந்தால் என்ன ஆகும்? அவர் பெயரில் யாரோ ஒருவர் தவறான கடவுச்சொல்லைக் கொடுக்கிறார். ஏடு அவரை மறுக்கிறது. மறுக்கும் பதிலில் அந்தப் பெயரும் வருகிறது. பெயருக்குள் "சக்ஸஸ்" இருக்கிறது. மென்பொருள் அந்தச் சொல்லைக் கண்டு, எல்லாம் சரி என்று எண்ணி உள்ளே விடுகிறது. வேண்டாம் என்று சொன்ன பதிலையே வரலாம் என்று புரிந்துகொண்டது அந்தக் காவல்.

திருத்தம் மிகச் சிறியது. சொல் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுவதை விட்டு, பதில் உண்மையிலேயே வெற்றியைத்தான் சொல்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்கும்படி மாற்றினார்கள். புதிய வசதி எதுவும் இல்லை. திரையில் ஒரு பொத்தான்கூட இடம் மாறவில்லை. பராமரிப்புப் புதுப்பிப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டெபியன் திட்டத்தினர் புதிய பதிப்புக்கு மட்டுமல்லாமல் பழைய பதிப்பையே வைத்திருந்தவர்களுக்கும் அந்தத் திருத்தத்தைச் சேர்த்து அனுப்பினார்கள்.

ஆகஸ்டு மாத இறுதியில் தம்பி என்னிடம் வந்தார். "ஐயா, ஒரு சனிக்கிழமை மாலை கணினி அறையை மூட வேண்டும். புதுப்பிப்பைப் போட்டுவிடலாம்" என்றார். பிழையையும் விளக்கினார். நான் சிரித்துவிட்டேன். "நம் பிள்ளைகளில் வெற்றிவேல் உண்டு, ஜெயசீலன் உண்டு, விஜயகுமார் உண்டு. சக்ஸஸ் என்று ஒருவனும் இல்லையே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு பெயர் இல்லாததால் தப்பித்திருக்கிறோம் ஐயா. பூட்டு நல்ல பூட்டாக இருந்ததால் அல்ல" என்றார்.

சரியான பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஆயினும் காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். தேர்வு முடிந்தது. அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். கடற்கரைச் சாலை முழுவதும் காவல், ஊரெங்கும் வெள்ளையடிப்பு. எனக்கு அது அடுத்த சாக்கு. நவம்பரில் அறுப்பின் பண்டிகை, அது மூன்றாவது. நடந்துகொண்டிருப்பதை எதற்குத் தொட வேண்டும் என்ற எண்ணமே உள்ளே இருந்தது. விருந்தினர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். யாரும் வராத நாளில் கதவின் கீலுக்கு எண்ணெய் விட நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. மறுநாள் தம்பி வந்தார். "இனி எல்லா முகவரியிலும் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டும் ஐயா. எப்படியும் ஏட்டைத் திறக்கத்தான் போகிறோம். புதுப்பிப்பையும் சேர்த்தே போட்டுவிடுவோம்" என்றார். இந்த முறை எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

எந்தப் புதுப்பிப்புக்கும் முன்னால் ஏட்டைப் படியெடுத்து வைப்பது முறை. ஏட்டிலுள்ள யாவும் ஒரே கோப்பில் சாதாரண எழுத்து வரிகளாக வந்து இறங்கும். ஒரு மனிதருக்கு ஒரு பத்தி. பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி. ஓரிரு இடங்களில் இரட்டைப் புள்ளிக்குப் பின் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகள் நின்றன. கோப்பு கெட்டுப்போயிற்றோ என்று பதறினேன். "இல்லை ஐயா, அவை தமிழில் உள்ளிட்ட பெயர்கள். இந்தக் கோப்பு அவற்றைக் குறியீடாக மாற்றித்தான் வைக்கும். திரும்ப ஏற்றும்போது பெயராகவே வரும்" என்றார் தம்பி.

அவர் அந்தக் கோப்பை அச்சிட்டு என் கையில் கொடுத்தார். "புதுப்பிப்பு பத்து நிமிட வேலை. மென்பொருளின் பிழையை அது சரிசெய்யும். நாம் தவறாக எழுதி வைத்ததை அது சரிசெய்யாது. பிள்ளைகளை அறிந்தவர் நீங்கள். ஒருமுறை படித்துப் பாருங்கள் ஐயா" என்றார்.

நான் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாயிருந்தது. படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே இருந்தன; அவர்களுடைய கடவுச்சொற்கள் இன்னும் செல்லும். வேலையை விட்டுப் போன காப்பாளர் ஒருவருக்கு நிர்வாகியின் அதிகாரம் இருந்தது. அவர் நல்லவர்; அதனால் ஒன்றும் நடக்கவில்லை. பூட்டைப் பற்றித் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த ஏட்டின் இலக்கணப்படி மனிதர் ஒருவரைப் பதிய வழங்கும் பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம். குடும்பப் பெயர் இல்லாமல் ஏடு ஒருவரை ஏற்காது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஆகவே அந்த இடத்தில் தகப்பன் பெயரை எழுதி வைத்திருந்தோம். பாதுகாவலர் என்ற குறிப்பிலும் தகப்பன் பெயர். வீட்டுத் தொலைபேசி என்ற இடத்திலும் தகப்பனுடைய எண். ஒரு பிள்ளையின் பத்தி முழுவதும் ஒரே மனிதர்மேல் நின்றது. தாயின் பெயருக்கு இடமே இல்லை. அந்தப் புலத்தை யாரும் தடைசெய்யவில்லை. நாங்கள்தான் நிரப்பவில்லை.

எண்கள் செல்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொன்றாக அழைத்தோம். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து பதினோராம் வகுப்பு படித்த ஒரு மாணவனின் வீட்டு எண் பயன்பாட்டில் இல்லை என்றது. விடுதிக் கட்டண நினைவூட்டல்கள் அந்தத் தகப்பன் பெயருக்குத்தான் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தன. கட்டணமும் தவறாமல் வந்தது. ஆகவே யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

அந்த மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். மாலை ஜெபம் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும், "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பது என் வழக்கம். அவன் ஒருநாளும் தவறாமல், "நல்லா இருக்கேன் ஐயா" என்பான். சில திங்கட்கிழமைகளில் அவன் கண்கள் சிவந்திருக்கும். "இரவெல்லாம் படித்தாயா?" என்று நானே காரணமும் எடுத்துக் கொடுப்பேன். "ஆமா ஐயா" என்பான். நான் அடுத்தவனிடம் திரும்பிவிடுவேன்.

மறுநாள் ஞாயிறு. கடற்கரையிலுள்ள எங்கள் சிறு சபையில் ஆராதனை முடித்துவிட்டு, மழை விட்ட நேரத்தில் அந்தக் குப்பத்துக்குப் போனேன். வீட்டுத் திண்ணையில் தகப்பன் படுத்திருந்தார். படகைக் கரையேற்றும்போது விழுந்து இடுப்பில் அடிபட்டதாம். ஓராண்டாகக் கடலுக்குப் போகவில்லை. செல்பேசியை எப்போதோ விற்றுவிட்டார்கள். தாய் கூடையில் மீன் வாங்கிச் சாலையோரத்தில் விற்றுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நல்லா இருக்கோம் ஐயா" என்றார் அந்தத் தாய்.

அதே சொல். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஜெபித்துவிட்டுப் புறப்படும் வழக்கமுடையவன் நான். அன்று புறப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். "பையன் எங்கே?" என்று கேட்டேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பட்டறைக்குப் போயிருக்கான்" என்றார் தகப்பன், சுவரைப் பார்த்தபடி.

மாமல்லபுரத்திற்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். சாலையின் இருபுறமும் கற்சிற்பப் பட்டறைகள். உளியின் ஓசை விடியலிலிருந்தே கேட்கும். இப்போது அதனோடு மின் அறுவை இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. கருங்கல்லைத் தேய்க்கும்போது வெண்புழுதி மேகமாக எழும். அந்தப் புழுதிக்குள் ஒரு சிலையின் பீடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான் அவன். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தான். கண்கள் திறந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, வழக்கம்போல், "நல்லா இருக்கேன் ஐயா" என்றான். நான் கேட்கவே இல்லை. கேள்விக்கு முன்னமே பதில் தயாராயிருந்தது.

ஒவ்வொரு சனி, ஞாயிறும் அவன் அங்கே வேலை செய்திருக்கிறான். அந்தக் கூலியிலிருந்துதான் விடுதிக் கட்டணம் வந்திருக்கிறது. தகப்பன் பெயருக்கு நாங்கள் அனுப்பிய நினைவூட்டல்களை அவனே வாங்கி, அவனே கட்டியிருக்கிறான். எங்கள் ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பெயர் இருந்தது, பாதுகாவலர் இருந்தார், கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது. வெற்றி என்றே எல்லா வரியும் சொல்லிற்று.

பிரியமானவர்களே, அந்த மென்பொருளின் பிழை என்னுடைய பிழையும் அல்லவா? பதில் முழுவதையும் படியாமல் நான் கேட்க விரும்பிய சொல் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். "நல்லா" என்ற சொல்லைக் கண்டதும் வாசலை விட்டு நகர்ந்தேன். அந்தச் சிவந்த கண்களும் கைத் தழும்புகளும் வேறொரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன. தம்பி கேட்ட ஆகஸ்டு மாதத்திலேயே ஏட்டைத் திறந்திருந்தால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களின் சனி ஞாயிறுகளில் அவன் அந்தப் புழுதியைச் சுவாசித்திருக்க வேண்டியதில்லை. தேர்வு, விருந்தினர், பண்டிகை என்று நான் சொன்ன மூன்று சாக்குகளுக்கும் அவனுடைய நுரையீரல் விலை கொடுத்தது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நெகேமியாவின் புத்தகத்தில் ஏழாம் அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அலங்கம் கட்டி முடிகிறது, கதவுகள் போடப்படுகின்றன, வாசல்காவலர் நியமிக்கப்படுகிறார்கள். அதோடு வேலை தீர்ந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. அதே அதிகாரத்தில் ஜனங்களின் வம்ச அட்டவணையை எடுத்துப் பார்க்கிறார். பெயர்களின் நீண்ட வரிசை தொடங்குகிறது. வாசிப்பவர்களில் பலர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், நானும் தாண்டியிருக்கிறேன். வாசலும் அட்டவணையும் ஒரே அதிகாரத்தில் வருவதன் காரணம் எனக்கு அந்த ஆண்டுதான் விளங்கிற்று. உள்ளே இருப்பவர் யார் என்று அறியாத காவல் காவலல்ல. அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாமல் நின்ற சிலரைப் பற்றியும் அதிகாரம் சொல்கிறது. ஏட்டில் ஒரு வரி இல்லாமற்போவதும் பிழையாயிருப்பதும் மனிதருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றே அறிந்திருந்தார்கள்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை அவை சொல்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுப்பார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. முதல் கல்வெட்டு 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் குறை கண்டு, இரண்டே ஆண்டில், 921-இல், விதிகளைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். கல்லில் எழுதியதையே இரண்டு ஆண்டில் திருத்தத் துணிந்தவர்கள் நம் முன்னோர். கணினியில் ஒரு மணி நேரத்தில் முடியும் திருத்தத்துக்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த ஞாயிறு இரவே தம்பி புதுப்பிப்பை முடித்தார். முடித்தபின் அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்திருந்தது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்துக் கதவு திறக்கிறதா என்று ஒருமுறைதான் பார்த்தார். அதன் பிறகு "சக்ஸஸ்" என்ற சொல்லை வைத்து ஒரு பொய்ப் பெயரை உருவாக்கி, தவறான கடவுச்சொற்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் கதவு மூடியே இருக்கிறதா என்று பார்த்தார். மூடியே இருந்தது. பிறகு அந்தப் பொய்ப் பெயரை அழித்தார். போய்விட்டவர்களின் கணக்குகளை முடக்கினோம். மாவட்டத்தின் பெயரை மாற்றினோம்.

மாணவன் திங்கட்கிழமை திரும்பி வந்தான். அவன் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி ஆண்டுக்குக் கட்டணம் வேண்டாம் என்றோம். கண் மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். இவற்றைச் சாதனையாகச் சொல்லவில்லை. ஓராண்டுக்கு முன் செய்திருக்க வேண்டியவை அவை. அன்று மாலை அவனைக் கணினி அறைக்கு அழைத்து, திரையில் அவனுடைய பத்தியைக் காட்டி, "இதில் எது சரியில்லை, நீயே சொல்" என்றேன். மெதுவாகப் படித்தான். தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னான். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணைக் கொடுத்தான். சற்று நேரம் நின்றுவிட்டு, "அம்மா பேரையும் போடலாமா ஐயா?" என்று கேட்டான்.

தம்பி ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைத் திறந்துகொடுத்தார். அவனே தட்டச்சு செய்தான். தமிழில் தட்டினான். அடுத்த முறை படியெடுக்கும்போது அது புரியாத எழுத்துக் கோவையாகத்தான் கோப்பில் தெரியும். அது ஒரு தாயின் பெயர் என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் நான் வாசலில் நின்று கேட்கும் முறை மாறிற்று. "நல்லா இருக்கேன் ஐயா" என்று ஒருவன் சொன்னால் அவன் பெயரைச் சொல்லி, "நேற்று என்ன சாப்பிட்டாய்? வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள்?" என்று இரண்டாவதாக ஒன்று கேட்பேன். வரிசை மெதுவாகத்தான் நகரும். சில மாலைகளில் இரவு உணவு தாமதமாகும். சமையற்கார அம்மா என்மேல் கோபப்படுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏட்டை அச்சிட்டு, பெயர் பெயராகப் படிப்பதையும் வழக்கமாக்கினோம். அலுப்பான வேலைதான். எங்கோ முகம் தெரியாத தன்னார்வலர்கள் அந்த மென்பொருளின் வரிகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகப் படித்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஒரு வரியில் நின்றிராவிட்டால் தம்பி என்னிடம் வந்திருக்கமாட்டார். நானும் அந்தத் திண்ணைக்குப் போயிருக்கமாட்டேன்.

உங்களிடமும் ஓர் ஏடு இருக்கிறது. சபையின் குடும்பப் பதிவேடாக இருக்கலாம், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலாக இருக்கலாம், உங்கள் செல்பேசியிலுள்ள பெயர்களாகவும் இருக்கலாம். இந்த வாரம் ஒரு மாலை அதைத் திறந்து படியுங்கள். நீண்ட நாளாக "நலம்" என்று மட்டும் பதில் சொல்லிவரும் ஒருவர் அதில் இருப்பார். அவரை அழையுங்கள். அவர் நலம் என்று சொன்னபின் தொலைபேசியை வைத்துவிடாமல் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

நம்மை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருக்கிறவர், நம் கையில் ஒப்புவிக்கப்பட்ட பெயர்களை முழுவதும் படிக்கும் பொறுமையை நமக்குத் தருவாராக. ஆமென்.